வி.ஓ.சி. மீட்டர் காட்டும் எண்ணுக்கு என்ன பொருள்?

கம்ப்யூட்டர் துணைச் சாதனங்கள் விற்கும் கடைகளிலும் இணையக் கடைகளிலும் இப்போது புதிய வகைச் சிறு பெட்டி ஒன்று விற்பனையாகிறது. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகினால் போதும். அறையின் வெப்பம், ஈரப்பதம், தூசு, கார்பன் டை ஆக்சைடு என வரிசையாக எண்கள் ஓடத் தொடங்கிவிடும். இதற்கு ஏர் குவாலிட்டி மானிட்டர் என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், குறிப்பாக கம்ப்யூட்டருக்கென அறையை மூடி ஏ.சி. போட்டவர்கள், இதனையும் சேர்த்து வாங்கி வைக்கிறார்கள்.

மற்ற எண்களைப் புரிந்து கொள்வதில் சிரமம் இல்லை. எல்லாரையும் குழப்புவது டி.வி.ஓ.சி. அல்லது வி.ஓ.சி. என்ற தலைப்பின் கீழ் வரும் எண்தான். சமையல் அறையில் தாளித்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. சானிடைசர் தடவினால் எண் பத்து மடங்காகத் தாவுகிறது. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சை விளக்கு எரிகிறது. இதனை நம்பலாமா, பயப்பட வேண்டுமா என்று பலரும் என்னிடம் கேட்டுள்ளனர். என் மேஜையில் இத்தகைய மானிட்டர்கள் இரண்டினைச் சில மாதங்களாக வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தையும் சேர்த்து இங்கு விளக்குகிறேன்.

வி.ஓ.சி. என்றால் என்ன?

ஆங்கிலத்தில் வாலடைல் ஆர்கானிக் காம்பவுண்ட்ஸ் என்பதன் சுருக்கமே வி.ஓ.சி. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று தமிழில் சொல்லலாம். பெயிண்ட் வாசனை, பெட்ரோல் வாசனை, பினைல், நெயில் பாலிஷ், அந்துருண்டை, ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது வரும் மணம், மல்லிகைப் பூவின் மணம் ஆகிய எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவைதான். பட்டியலில் விஷமும் உண்டு, பூவாசமும் உண்டு என்பதனை முதலில் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் குழப்பத்திற்கும் இதுவே காரணம்.

வீட்டுக்குள் இவை அதிகம் என்பது புதிய செய்தி அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1980களில் நடத்திய ஆய்வுகளில், சுமார் ஒரு டஜன் வகையான இத்தகைய சேர்மங்கள் வெளிக் காற்றைக் காட்டிலும் வீட்டுக்குள் 2 முதல் 5 மடங்கு வரை அதிகமாக இருந்தன. கிராமமா, தொழிற்சாலைகள் நிறைந்த ஊரா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. நாம் வீட்டுக்குள் கொண்டு வரும் பொருட்கள்தான் காரணம்.

உள்ளே இருக்கும் சென்சார்

வீட்டு உபயோக மானிட்டர்களில் பெரும்பாலும் இருப்பது மெட்டல் ஆக்சைடு சென்சார். ஜப்பானைச் சேர்ந்த நவோயோஷி டகுச்சி என்பவர் 1962ல் இதற்கான காப்புரிமையைப் பதிவு செய்தார். சமையல் காஸ் கசிவை எச்சரிக்கும் கருவிகளுக்காகத்தான் இது முதலில் பயன்பட்டது.

இதன் செயல்பாடு எளிமையானது. டின் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடின் மெல்லிய படலம் ஒன்று சில நூறு டிகிரிக்குச் சூடாக்கப்படுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக் கொண்டு, மின்சாரம் எளிதாகப் பாயாமல் தடுக்கிறது. பெயிண்ட் ஆவி, ஆல்கஹால் போன்றவை அங்கு வந்தால், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து அதனை நீக்கிவிடுகின்றன. மின்தடை குறைகிறது. அந்தக் குறைவைத்தான் மானிட்டரின் புரோகிராம் ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

ஆக, சென்சாருக்குத் தெரிந்தது மின்தடை மட்டுமே. வந்தது எந்த வாயு என்று அதற்குத் தெரியாது. வாசலில் நாய் குரைக்கிறது என்றால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வந்தது திருடனா, தபால்காரரா என்பதை நாம்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இந்த சென்சாரும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் போன்ற வி.ஓ.சி. அல்லாத வாயுக்களுக்கும் இது "குரைக்கும்". ஈரப்பதம் மாறினாலும் எண் சற்று ஆடும்.

மூன்று வகை எண்கள்

ஒரே அறையில் இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்தால் இரண்டும் வெவ்வேறு எண்ணைக் காட்டும். முதலில் அவை எந்த அலகில் காட்டுகின்றன என்று பாருங்கள்.

1. பி.பி.பி.: நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 500 பி.பி.பி. என்றால் நூறு கோடிக்கு 500 பங்கு.

2. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் அல்லது மைக்ரோகிராம் என்ற எடைக் கணக்கு.

3. இண்டெக்ஸ்: அலகு எதுவும் இல்லாத வெறும் மதிப்பெண். பெரும்பாலும் 500 வரை செல்லும்.

முதல் வகையை இரண்டாவதாக மாற்ற ஒரு சூத்திரம் உள்ளது. பி.பி.பி. எண்ணை அந்தச் சேர்மத்தின் மூலக்கூறு எடையால் பெருக்கி, 24.45 ஆல் வகுத்தால் 25 டிகிரி வெப்பத்தில் அதன் மைக்ரோகிராம் அளவு கிடைக்கும். அது எந்தச் சேர்மம் என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும் என்பதுதான் சிக்கல். 500 பி.பி.பி. முழுவதும் டொலுவின் என்றால் ஏறத்தாழ 1.9 மில்லிகிராம். முழுவதும் பார்மால்டிஹைட் என்றால் 0.6 மில்லிகிராம்தான். ஆனால் இங்கு குறைந்த எடைதான் அதிக ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2010ல் பார்மால்டிஹைடுக்கு வகுத்த அளவு, 30 நிமிடச் சராசரியாக 0.1 மில்லிகிராம். அதாவது சுமார் 80 பி.பி.பி. மட்டுமே. அதே 500 பி.பி.பி. சானிடைசரின் ஆல்கஹாலாக இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. எண் ஒன்று, பொருள் மூன்று.

இண்டெக்ஸ் எண்ணில் உள்ள பொறி

இன்று பல மானிட்டர்களில் சென்சிரியான் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் சென்சார் உள்ளது. அதன் வி.ஓ.சி. இண்டெக்ஸ் 1 முதல் 500 வரை செல்லும். இதில் 100 என்பது "நல்ல காற்று" என்று பலர் நினைக்கின்றனர். அப்படி இல்லை. கடந்த 24 மணி நேரத்தில் அந்த அறையில் இருந்த சராசரி நிலைதான் 100. அதைவிட மோசமானால் எண் 100க்கு மேல் ஏறும். நல்லதானால் கீழே இறங்கும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து, ஜன்னல்களை மூடிய அறையில் மானிட்டரை வைத்தால், அந்தப் பெயிண்ட் காற்றையே அது வழக்கமான காற்று என்று பழகிக் கொள்ளும். அடுத்த நாள் 100 என்று காட்டிப் பச்சை விளக்கை எரியவிடும். இது கோளாறு அல்ல. நம் மூக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது; வெளியிலிருந்து வருபவர்தான் "என்ன வாசனை?" என்று கேட்பார். பி.பி.பி. காட்டும் சென்சார்களிலும் பெரும்பாலானவை, சமீபத்தில் பார்த்த மிகச் சுத்தமான காற்றையே தொடக்கப் புள்ளியாக எடுத்துக் கொள்கின்றன. எனவே திடீர் மாற்றத்தைக் காட்டுவதில் இவை கெட்டி. நாள் கணக்கில் மாறாமல் நிற்கும் நிலையைக் காட்டுவதில் பலவீனம்.

இ-சி.ஓ.2 என்பதைக் கவனியுங்கள்

விலை குறைந்த மானிட்டர்களில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு முன்னால் "இ" என்ற எழுத்து சிறியதாக இருக்கும். இது அளந்த அளவு அல்ல. மனிதர்கள் மூச்சு விடும்போது மற்ற வாயுக்களும் சேர்ந்து வெளிவருகின்றன என்ற கணக்கில், வி.ஓ.சி. சென்சாரின் எண்ணிலிருந்து ஊகித்துச் சொல்வது. சானிடைசர் பாட்டிலைத் திறந்தால் போதும். அறையில் ஐம்பது பேர் இருப்பதாக இது காட்டும். உண்மையான அளவு வேண்டும் என்றால், என்.டி.ஐ.ஆர். எனப்படும் அகச்சிவப்புக் கதிர் சென்சார் உள்ள மானிட்டரைக் கேட்டு வாங்கவும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

மொத்த வி.ஓ.சி.க்கு உலகம் முழுவதும் ஏற்றுக் கொண்ட பாதுகாப்பு எல்லை எதுவும் இல்லை. பல மானிட்டர்களின் ஆப்பில் உள்ள வண்ணப் பட்டைகள் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைப்பு 2007ல் வெளியிட்ட அட்டவணையை ஒட்டியவை. ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள மில்லிகிராம் கணக்கில் அது பின்வருமாறு:

0.3 வரை: கவலை இல்லை.
0.3 முதல் 1 வரை: பெரும்பாலும் கவலை இல்லை, காற்றோட்டம் நல்லது.
1 முதல் 3 வரை: எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், 12 மாதங்களுக்கு மேல் இந்த நிலை நீடிக்கக் கூடாது.
3 முதல் 10 வரை: ஒரு மாதத்திற்கு மேல் அந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது.
10க்கு மேல்: இயன்றவரை அறையைத் தவிர்க்க வேண்டும்.

இந்த அட்டவணை ஆய்வுக் கூடத்தில் காற்றைப் பிரித்து அளப்பதற்காக எழுதப்பட்டது. அந்த அளவீட்டில் ஆல்கஹாலும் பார்மால்டிஹைடும் கணக்கில் வராது. நம் மேஜையில் உள்ள சென்சாரோ ஆல்கஹாலைக் கண்டால் துள்ளுகிறது. எனவே ஆப் காட்டும் வண்ணத்தை இந்த அட்டவணையோடு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

என் அறையில் கண்டவை

கம்ப்யூட்டர் அறையில் வைத்துப் பார்த்ததில் எண்ணை ஏற்றியவை இவை:

* சானிடைசர், திரையைத் துடைக்கும் ஐசோ புரொப்பைல் ஆல்கஹால்: உடனே உச்சம், ஜன்னலைத் திறந்தால் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

* தாளிப்பு, எண்ணெய்ப் பலகாரம்: சமையல் அறை தள்ளி இருந்தும் ஏறியது.

* ஆரஞ்சு, நன்கு பழுத்த பலாப்பழம்: ஏறியது. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

* கொசு விரட்டும் திரவ மிஷின்: இரவு முழுவதும் சற்று ஏறிய நிலையிலேயே நின்றது.

* ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள்: வி.ஓ.சி.யும் தூசு எண்ணும் சேர்ந்து ஏறின. சுருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமாக இருந்தது. பார்மால்டிஹைட் 51 சிகரெட்டுகள் வரை சமமாக இருந்தது. மூடிய அறையில் சுருள் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

* லேசர் பிரிண்டர்: நிறையப் பக்கங்கள் ஓடினால் ஏற்றம் தெரிகிறது. பிரிண்டரைத் தலைக்கு அருகில் வைக்காமல் ஜன்னல் பக்கம் வைக்கவும்.

புதிய மேஜையும் அம்மாவின் கட்டிலும்

இந்த மானிட்டர் எனக்கு உண்மையில் பயன்பட்ட இடத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்த அறையில்தான் அம்மா படுப்பார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. புதிய கம்ப்யூட்டருக்காக பார்ட்டிகிள் போர்டில் செய்த மேஜை ஒன்றை வாங்கிப் போட்டோம். "வாசனை ஒரு வாரத்தில் போய்விடும் சார்" என்றார் கடைக்காரர். அம்மா இரண்டாம் நாளே கண் எரிகிறது என்றார். மானிட்டரோ 100ஐ ஒட்டியே நின்றது.

அது ஏன் அப்படி நின்றது என்பதற்கான விடை மேலே உள்ளது. அறையின் காற்றுக்கு அது பழகிவிட்டது. எனவே அதனை எடுத்து, அறைக்கு வெளியே பால்கனி நிழலில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். பின் இரவு முழுவதும் மூடியிருந்த அறைக்குள் காலையில் கொண்டு வந்தேன். எண் கிடுகிடுவென ஏறியது. மேஜையின் டிராயருக்குள் வைத்தபோது இன்னும் ஏறியது. ஹாலில் உள்ள பழைய இரும்பு மேஜையின் டிராயரில் வைத்தால் அசையவே இல்லை. காரணம் மேஜைதான் என்று தெளிவாயிற்று.

அடுத்த கேள்வி, அது எந்த ஆவி என்பது. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எப். போன்ற பலகைகளில் மரத்தூளை ஒட்டப் பயன்படும் பசையில் பெரும்பாலும் பார்மால்டிஹைட் இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ல் இதனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை இதன் முதல் அடையாளங்கள். என் மானிட்டரால் இதனைத் தனியே பிரித்து அளக்க முடியாது. எண் சிறியது என்பதற்காக அம்மாவை அங்கே படுக்க வைக்கும் துணிவு எனக்கு இல்லை. கட்டில் அன்றே ஹாலுக்கு மாறியது.

பலகையின் வெட்டுப் பகுதிகள் மூடப்படாமல் இருந்தன. தச்சரை அழைத்து அவற்றிற்கு எட்ஜ் பேண்ட் ஒட்டச் செய்தோம். டிராயர்களைக் கழற்றி மொட்டை மாடியில் நிழலில் வைத்தோம். பகலில் எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் பால்கனிச் சோதனையை மீண்டும் செய்து, எண்ணைக் குறித்துக் கொண்டேன். வாரத்திற்கு வாரம் தாவல் குறைந்தது. ஹாலுக்கும் அறைக்கும் வேறுபாடு தெரியாத நிலை வந்த பிறகு, அம்மாவின் டாக்டரிடமும் கேட்டுக் கொண்டுதான் கட்டிலைத் திருப்பினோம்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்திட

திரையில் ஓடும் எண்ணைப் பார்ப்பதை விட அதன் வரைபடத்தைப் பார்ப்பதே சரி. பல மானிட்டர்களின் ஆப்பில் எக்ஸ்போர்ட் என்ற வசதி தரப்பட்டுள்ளது. அதில் கிளிக் செய்திட்டால் சி.எஸ்.வி. பைல் ஒன்று கிடைக்கும். பின்னர் கீழ்க்கண்டவாறு செயல்படவும்.

1. பைலை எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் திறக்கவும்.

2. நேரம் உள்ள நெடு வரிசையையும், வி.ஓ.சி. உள்ள நெடு வரிசையையும் தேர்ந்தெடுக்கவும். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு இரண்டின் தலைப்பிலும் கிளிக் செய்திடலாம்.

3. இன்செர்ட் டேப் சென்று லைன் சார்ட் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.

4. பக்கத்தில் ஒரு காலி நெடு வரிசையில் தாளிப்பு, சானிடைசர், பினைல், ஜன்னல் திறப்பு என்று நேரத்திற்கு எதிரே குறித்து வரவும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கோட்டில் இரண்டு வடிவங்கள் தெரியும். ஊசி போல ஏறி இறங்குபவை நாம் செய்யும் வேலைகள். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். யாரும் எதுவும் செய்யாத பின்னிரவில், மூடிய அறையில் மெல்ல மெல்ல ஏறி, ஜன்னலைத் திறந்ததும் சரியும் கோடுதான் கவனிக்க வேண்டியது. மரச்சாமான், பெயிண்ட், அந்துருண்டை போட்ட பீரோ என ஏதோ ஒன்று அறைக்குள் ஓயாமல் ஆவியாகிறது என்று பொருள். நாம் விடும் மூச்சாலும் சிறிது ஏறும் என்பதால், அறையில் யாரும் படுக்காத ஓர் இரவின் வரைபடத்தையும் எடுத்து ஒப்பிடவும்.

எது உதவும், எது உதவாது?

முதல் மருந்து, காரணமான பொருளை வெளியேற்றுவது. இரண்டாவது, ஜன்னல். எளிய ஏ.சி. வெளிக் காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. ஏர் பியூரிபயரில் உள்ள ஹெபா பில்டர் தூசைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் நிறைய இருக்க வேண்டும். செடி வளர்த்தால் போதும் என்பார்கள். 2019ல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும். அழகுக்காக வளர்க்கலாம். ஓசோன் வெளியிடும் கருவிகளை வாங்கவே வேண்டாம். ஓசோன், எலுமிச்சை மணமுள்ள கிளீனர்களின் ஆவியுடன் சேர்ந்து பார்மால்டிஹைடையே உருவாக்கும். ரூம் ஸ்பிரே அடித்து வாசனையை மறைப்பதும், வி.ஓ.சி.யின் மேல் இன்னொரு வி.ஓ.சி.யைக் கொட்டுவதுதான்.

வாங்கும் முன்னும் பின்னும்

* புதிய மானிட்டரை முதல் இரண்டு நாட்கள் ஓடவிட்ட பின்னரே அதன் எண்ணைக் கணக்கில் கொள்ளவும். சென்சார் நிலை பெற நேரம் எடுக்கும்.

* கம்ப்யூட்டரின் சூடான காற்று வரும் பக்கத்தில் வைக்காமல், மூச்சு விடும் உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி வைக்கவும்.

* சிலிகான் ஸ்பிரே, சிலிகான் சீலண்ட் ஆகியவற்றை அருகில் பயன்படுத்த வேண்டாம். அந்த ஆவி சென்சாரை நிரந்தரமாகக் கெடுக்கும்.

* பார்மால்டிஹைட் பற்றிய கவலை இருந்தால், அதற்கெனத் தனி எலெக்ட்ரோ கெமிக்கல் சென்சார் உள்ள மாடலைப் பார்க்கவும். விலை உயர்ந்த பி.ஐ.டி. வகை மீட்டர்களிலும், வழக்கமான 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்கு கொண்டவை பார்மால்டிஹைடைக் காட்டாது.

* மேஜை வாங்கும்போது பலகை இ-0 அல்லது இ-1 வகையா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கவும். பார்மால்டிஹைட் குறைவாக வெளியேறும் பலகைகளுக்கான குறியீடுகள் இவை.

இறுதியாக மிக முக்கியமான ஒன்று. இந்த மானிட்டர் சமையல் காஸ் கசிவுக்கோ, கார்பன் மோனாக்சைடுக்கோ அலாரம் அல்ல. எண் பச்சையில் இருந்தாலும், காஸ் வாசனை வந்தால் சிலிண்டரை மூடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ மூடிய அறையில் ஒருபோதும் இயக்காதீர்கள். மற்ற நாட்களில் மானிட்டர் "குரைத்தால்", முதலில் ஜன்னலைத் திறந்து, பிறகு என்ன வந்தது என்று நிதானமாகத் தேடுங்கள்.